விக்கிப்பீடியா நிர்வாகிகள் இன்னும் செயல்படுகிறார்களா? கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

நீக்கச் சொல்லி வார்ப்புரு (அறிவிப்புப் பெட்டி) இட்ட பக்கம் இரண்டு வாரமாக அப்படியே கிடக்கிறது. ஒருவர் மூன்று கட்டுரைகளில் திரும்பத் திரும்ப விசமத் தொகுப்பு (வேண்டுமென்றே கெடுக்கும் திருத்தம்) செய்கிறார், தடுக்க ஆளில்லை. நிர்வாகி ஒருவரின் பேச்சுப் பக்கத்தில் செய்தி விட்டுப் பார்த்தீர்கள், பதில் வரவில்லை. கடைசியில் ஆலமரத்தடியில் (பொது உரையாடல் பக்கத்தில்) யாரோ கேட்டுவிடுகிறார்: "இங்கே நிர்வாகிகள் யாராவது இருக்கிறார்களா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதை எங்கே, எப்படிக் கேட்பது என்பதில் நிறைய இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. இத்தனை காலமும் பக்கங்களை நீக்குவது, காப்பிடுவது (எல்லாரும் மாற்ற முடியாதபடி பூட்டுவது), விசமிகளைத் தடை செய்வது எல்லாவற்றையும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களே செய்து வருகிறார்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அவர்களை நியமிப்பதில்லை. சக பங்களிப்பாளர்கள்தான் வாக்களித்து அணுக்கம் (நிர்வாகக் கருவிகளைப் பயன்படுத்தும் உரிமை) தருகிறார்கள். கல்லூரி மாணவராக இருந்தபோது நிர்வாகியானவர் இன்று வேறு நாட்டில், வேறு வேலையில், கைக்குழந்தையோடு இருக்கலாம். பட்டியலில் பெயர் இருக்கும். வேலை செய்யும் கை இருக்காது. இதற்கு நேர்மாறாக, எங்கும் பேசாமல் தினமும் குப்பை அகற்றிக்கொண்டிருப்பவரை நாம் "காணவில்லை" என்று சொல்லிவிடுவதும் உண்டு.

ஆகவே நான் எப்போதும் சொல்வது இதுதான்: ஆள் இருக்கிறாரா என்று மட்டும் தேடாதீர்கள். அவருக்குக் கொடுத்த கருவிகள் பயன்படுகின்றனவா, செய்ய வேண்டிய வேலை நடக்கிறதா என்று பாருங்கள். அதற்கான வழி கீழே. தமிழ் விக்கிப்பீடியாவை மனத்தில் வைத்து எழுதினாலும், விக்கிமூலம், விக்சனரி போன்ற உறவுத் திட்டங்களுக்கும் இதே முறை பொருந்தும். எல்லா விக்கிகளும் ஒரே மென்பொருளில்தான் ஓடுகின்றன.

முதலில் சரியான பட்டியல்

"நிர்வாகிகள்" என்று திட்டப் பக்கம் ஒன்று இருக்கும். அதை நம்பித் தொடங்காதீர்கள். கையால் எழுதிப் பராமரிக்கும் பக்கம் அது. யாராவது மறந்தால் பழையதாகவே நிற்கும். சிறப்புப் பக்கங்களுக்குள் போய்ப் பயனர் பட்டியலைத் திறந்து, குழு என்ற இடத்தில் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுங்கள். இந்த நிமிடத்தில் உண்மையாகவே அணுக்கம் வைத்திருப்பவர்கள் யார் யார் என்று மென்பொருளே சொல்லிவிடும். அணுக்கம் வழங்கும் அதிகாரிகள், தளத்தின் நிரல்களைத் திருத்தும் இடைமுக நிர்வாகிகள் என்று மற்ற குழுக்களையும் இதே இடத்தில் பார்க்கலாம்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு தொகுப்பு எண்ணிக்கையும் ஒரு தேதியும் தெரியும். பலர் இங்கேயே இடறுகிறார்கள். அந்தத் தேதி கணக்கு தொடங்கிய நாள்; கடைசியாக வந்த நாள் அல்ல. எண்ணிக்கையோ தொடக்கம் முதல் இன்றுவரை சேர்ந்த மொத்தம். முப்பதாயிரம் தொகுப்பு செய்தவர் நான்கு ஆண்டுகளாக உள்நுழையாமலே இருக்கலாம்.

செயல்படும் பயனர்கள் என்ற சிறப்புப் பக்கம் கடந்த 30 நாட்களில் ஏதாவது செய்தவர்களைக் காட்டும். அதிலும் நிர்வாகிகளை மட்டும் வடிகட்டிப் பார்க்க முடியும். விரைவாக ஒரு பார்வை பார்க்க இது போதும், தீர்ப்பு சொல்லப் போதாது. பள்ளி ஆசிரியராக இருக்கும் பங்களிப்பாளருக்கு மார்ச், ஏப்ரல் மாதங்கள் தேர்வுக் காலம். ஒரு மாதத்தை வைத்து யாரையும் எடை போடக்கூடாது.

பங்களிப்புப் பக்கத்தைப் படிப்பது எப்படி

பயனர் பங்களிப்புகள் பக்கத்தைத் திறந்ததும் மேலே நிற்கும் தேதியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவது வழக்கம். கொஞ்சம் பொறுமையாகக் கீழே இறங்குங்கள். கடைசி ஐம்பது தொகுப்புகளும் இருபது நிமிடத்துக்குள் நடந்தவையா? அவை எல்லாம் ஒரே வகையான பகுப்பு (கட்டுரைகளை வகைப்படுத்தும் குறி) மாற்றங்களா? அப்படியென்றால் கருவி ஒன்றைக் கொண்டு ஒரே அமர்வில் செய்த வேலை அது. ஒரு நாள் வந்து போனார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. மாறாக, வாரத்துக்கு இரண்டு மூன்று தொகுப்புகளே இருந்தாலும் அவை பேச்சுப் பக்கங்களில் புதியவர்களுக்கு எழுதிய பதில்களாக இருந்தால், அந்த ஆள் சமூகத்தோடு தொடர்பில் இருக்கிறார்.

பெயர்வெளியை (கட்டுரை, பேச்சு, வார்ப்புரு என்று பக்கங்களைப் பிரிக்கும் வகையை) தேர்ந்தெடுக்கும் வசதி அதே பக்கத்தில் உண்டு. அதில் மீடியாவிக்கி பெயர்வெளியை மட்டும் ஒருமுறை வடிகட்டிப் பாருங்கள். தளத்தின் பொத்தான்கள், அறிவிப்புச் செய்திகள் போன்றவற்றைத் திருத்த நிர்வாக அணுக்கம் தேவை. ஆனால் அந்த வேலை நீக்கல் பதிகையிலோ தடைப் பதிகையிலோ (யார் எப்போது என்ன செய்தார் என்று மென்பொருளே குறித்துவைக்கும் ஏட்டில்) வராது. சாதாரணத் தொகுப்பாகவே பதிவாகும். முதற்பக்க வார்ப்புருக்களைப் புதுப்பிப்பதும் அப்படித்தான். காப்பிடப்பட்ட அந்தப் பக்கங்களை ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் மாற்றித் தருபவரைப் பதிகையை மட்டும் பார்த்து "செயலற்றவர்" என்று எழுதினால் அது அநியாயம்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். நீக்கப்பட்ட பக்கங்களில் செய்த தொகுப்புகள் பங்களிப்புப் பக்கத்தில் நமக்குத் தெரியாது, நிர்வாகிகளுக்கே தெரியும். குப்பைப் பக்கங்களைக் கண்டு வார்ப்புரு இடுவதையே முழுநேர வேலையாக வைத்திருப்பவரின் உழைப்பில் பெரும்பகுதி, பக்கம் நீக்கப்பட்டதும் பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது.

நேரத்தையும் கவனியுங்கள். விக்கியில் கையெழுத்தோடு வரும் நேரம் உலகப் பொது நேரம். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அதைவிட ஐந்தரை மணி நேரம் கூடுதல். இரவு எட்டு மணி என்று காட்டும் பதில் நம் ஊரில் நள்ளிரவு ஒன்றரைக்கு எழுதியது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் இயங்கும் தளம் இது. நீங்கள் பார்க்கும் வேளையில் ஒருவர் இல்லை என்பதால் அவர் எப்போதும் இல்லை என்று ஆகாது.

பதிகைகள்: உண்மை இங்கேதான் இருக்கிறது

நிர்வாகி நிர்வாகியாக என்ன செய்தார் என்பதற்கு நேரடிச் சான்று பதிகைகள்தான். சிறப்புப் பக்கங்களில் பதிகைகளைத் திறந்து, செய்தவர் என்ற இடத்தில் பயனர் பெயரை இடுங்கள். நீக்கல், தடை, காப்பு, பயனர் உரிமை, இறக்குமதி என்று வகை வகையாகப் பிரித்துப் பாருங்கள். சுற்றுக்காவல் பதிகை இயல்பாக மறைந்திருக்கும். அதை நீங்களே தெரிவு செய்து காட்டச் சொல்ல வேண்டும். புதிய தொகுப்புகளைச் சரிபார்த்துக் குறியிடுவதுதான் ஒருவரின் முதன்மை வேலை என்றால், இந்த ஒரு தெரிவை விட்டுவிட்டால் அவர் ஒன்றுமே செய்யாதவராகத் தெரிவார்.

நீக்கல் பதிகையில் ஒரு கண்ணி உண்டு. வழிமாற்றுப் பக்கம் (வேறு தலைப்புக்குத் திருப்பிவிடும் பக்கம்) ஒன்றின் மேல் இன்னொரு கட்டுரையை நகர்த்தும்போது, அதாவது அந்தத் தலைப்புக்குப் பெயர் மாற்றும்போது, அந்த வழிமாற்று தானாக அழிந்து, நகர்த்தியவர் பெயரில் நீக்கல் பதிகையில் ஒரு வரி விழும். நிர்வாகி அல்லாதவர் நகர்த்தினாலும் விழும். எனவே நீக்கல் பதிகையில் பெயரைக் கண்டதும் கருவியைப் பயன்படுத்தினார் என்று முடிவு கட்டாமல், அந்த வரியின் காரணத்தையும் படியுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு கணக்குகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர் மூன்று நாட்களுக்கு முன்புகூடத் தொகுத்திருக்கிறார். மாதம் நூறு தொகுப்புகளுக்குக் குறைவில்லை. ஊர்கள், கோயில்கள் பற்றிய அருமையான கட்டுரைகள். அவருடைய கடைசி நீக்கல் பதினொரு மாதத்துக்கு முன், கடைசித் தடை இரண்டரை ஆண்டுக்கு முன். இரண்டாமவரோ ஓராண்டில் ஆறே ஆறு தொகுப்புகள். ஆனால் தடைப் பதிகையிலும் நீக்கல் பதிகையிலும் வாரம் தவறாமல் அவர் பெயர் இருக்கிறது. "நிர்வாகிகள் செயல்படுகிறார்களா" என்ற கேள்விக்கு ஆம் என்ற பதிலுக்கு உரியவர் இரண்டாமவர். முதலாமவர் சிறந்த பங்களிப்பாளர். நிர்வாகப் பணியிலிருந்து மட்டும் விலகி நிற்கிறார். அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் தடை செய்யச் சொல்லி அவர் கதவைத் தட்டிக்கொண்டிருப்பதில் பயனும் இல்லை.

ஒவ்வொருவராகப் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு எக்ஸ்டூல்ஸ் என்ற கருவி இருக்கிறது. தளத்தையும் கால இடைவெளியையும் கொடுத்தால், நிர்வாகிகள் ஒவ்வொருவரும் எத்தனை நீக்கல், எத்தனை தடை, எத்தனை காப்பு செய்தார்கள் என்று அட்டவணையாகத் தரும். குறைந்தது ஓராண்டுக் காலம் கொடுத்துப் பாருங்கள். 2018இலும் 2019-20இலும் வேங்கைத் திட்டக் கட்டுரைப் போட்டி நடந்ததைப் போன்ற மாதங்களில் புதிய கட்டுரைகள் வந்து குவியும். அந்த மாதங்களை மட்டும் எடுத்தால் எல்லாரும் பம்பரமாகச் சுழல்வதாகத் தோன்றும்.

எந்தப் பதிகையிலும் வராத வேலைகளும் உண்டு. நீக்கப்பட்ட பக்கத்தைத் திறந்து படித்துப் பார்ப்பது, கோபமாக மின்னஞ்சல் எழுதும் ஒருவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்வது, நீக்கல் வேண்டுகோளை ஆராய்ந்து "இது இருக்கட்டும்" என்று வார்ப்புருவை எடுத்துவிடுவது. கடைசியாகச் சொன்னது பதிகையில் வராவிட்டாலும் பக்க வரலாற்றில் ஒரு தொகுப்பாக நிற்கும். என் பார்வையில் நீக்குவதைவிட அதற்குத்தான் அதிக நிதானம் வேண்டும்.

வேறு திட்டத்துக்குப் போய்விட்டாரா?

ஒரே கணக்கில் எல்லா விக்கிமீடியா தளங்களிலும் இயங்கலாம் என்பதால், இங்கே காணாமல் போனவர் பக்கத்துத் தளத்தில் மும்முரமாக இருப்பது சாதாரணம். உலகளாவிய கணக்கு விவரப் பக்கத்தில் பெயரை இட்டால் எந்தெந்த விக்கியில் எத்தனை தொகுப்பு என்று வந்துவிடும். தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களை மெய்ப்புப் பார்ப்பது, பொதுவகத்தில் படமேற்றுவது, விக்கித்தரவில் தரவு சேர்ப்பது என்று பலர் நகர்ந்திருப்பார்கள். அங்கே இருப்பவருக்கு அங்கேயே ஒரு செய்தி விட்டால் பதில் வருவதற்கான வாய்ப்பு மிக அதிகம். விக்கித்தரவு எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் மயங்க வேண்டாம்: இங்கே ஒரு கட்டுரையின் தலைப்பை நகர்த்தினால் விக்கித்தரவில் அந்த இணைப்பு அவர் பெயரிலேயே தானாகத் திருத்தப்படும்.

வேலை நிலுவையில் இருக்கிறதா?

ஆட்களை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். நீக்கக் கோரிய பக்கங்களின் பகுப்பில் இன்று எத்தனை இருக்கின்றன, அவற்றில் மிகப் பழையது எந்தத் தேதியில் வார்ப்புரு இடப்பட்டது? விசமத் தொகுப்பு பற்றிய முறையீட்டுக்கும் தடைக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது? பட்டியலில் பாதிப் பேர் உறங்கினாலும் மிச்சம் இருக்கும் நான்கைந்து பேர் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள் என்றால் தளத்துக்கு அவசரம் எதுவும் இல்லை. ஆனால் அந்த நான்கைந்து பேரில் எத்தனை பேர் உண்மையில் சுமக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஓராண்டு நீக்கல்களில் முக்கால்வாசி ஒரே பெயரில் இருந்தால், அந்த ஒருவர் களைத்துப் போகும் நாளில் தளம் நின்றுவிடும். எனக்கு மிகவும் கவலை தருவது இந்த நிலைமைதான். செயலற்றவர்களைக் கணக்கெடுப்பதைவிட, தனியாகச் சுமப்பவருக்குத் துணை தேடுவது அவசரமான வேலை.

சிறிய விக்கிகளுக்கு விக்கிமீடியாவே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. பத்து நிர்வாகிகளாவது உள்ள விக்கிகளிலும், கடந்த இரண்டு மாதத்துக்குள் பதிகையில் ஏதாவது செய்த மூன்று நிர்வாகிகளாவது உள்ள விக்கிகளிலும் உலகளாவிய நிர்வாகிகள் (பல விக்கிகளில் நிர்வாகக் கருவிகள் பெற்றவர்கள்) பொதுவாகத் தலையிடுவதில்லை. மற்ற இடங்களில் அவர்கள் உதவிக்கு வரலாம். உங்கள் திட்டம் சிறியது என்றால் உள்ளூரில் ஆளில்லையே என்று கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை.

அவரிடமே கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் பொதுவெளிக்குப் போகவே கூடாது. முதலில் பயனர் பக்கத்தைப் பாருங்கள். விக்கி விடுப்பு வார்ப்புரு இருக்கலாம். இல்லையென்றால் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள். அதோடு, பக்கவாட்டில் "இந்தப் பயனருக்கு மின்னஞ்சல் அனுப்பு" என்ற இணைப்பு இருந்தால் அதிலும் ஒரு வரி அனுப்புங்கள். உள்நுழையாமல் இருப்பவருக்குத் தள அறிவிப்பு கண்ணில் படாது, மின்னஞ்சல் படும்.

எப்படி எழுதுவது? குற்றப்பத்திரிகை போல வேண்டாம். இப்படி எழுதலாம்:

"வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? சில மாதங்களாக உங்களை நீக்கல் வேண்டுகோள்கள் பக்கம் காண முடியவில்லை. இப்போது 14 பக்கங்கள் காத்திருக்கின்றன. உங்களுக்கு நேரம் கிடைக்குமா என்று அறியவே எழுதுகிறேன். இப்போது இயலாது என்றால் ஒரு வரி சொல்லுங்கள், மற்றவர்களிடம் கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் வழிகாட்டிய பலர் இன்றும் இங்கே எழுதுகிறார்கள். நன்றி."

இதில் நலம் விசாரிப்பு இருக்கிறது, என்ன வேலை காத்திருக்கிறது என்ற விவரம் இருக்கிறது, இயலாது என்று சொல்ல மரியாதையான வழியும் இருக்கிறது. பலர் பதில் எழுதாமல் இருப்பதற்குக் காரணம் அலட்சியம் அல்ல. "முடியவில்லை" என்று சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்தைக் கேட்பவர்தான் போக்க வேண்டும்.

ஒரு மாதம் காத்திருங்கள். அந்த ஒரு மாதத்தில் அவருடைய முகநூலைத் தேடுவது, அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுவது, புனைபெயரில் எழுதுபவரின் உண்மைப் பெயரைப் பொதுவில் போட்டு விசாரிப்பது எதுவும் கூடாது. தனிப்பட்ட விவரங்களை வெளியிடுவதை விக்கிமீடியாவின் உலகளாவிய நடத்தை நெறி தடை செய்கிறது. நெறி இல்லாவிட்டாலும் அது தவறுதான்.

விதி என்ன சொல்கிறது

செயலின்மைக்கு எல்லா விக்கியிலும் ஒரே வரையறை கிடையாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 12 மாதங்களாக ஒரு தொகுப்போ நிர்வாகச் செயலோ இல்லாவிட்டால் அணுக்கம் போகும். 2023 முதல், ஐந்து ஆண்டுகளில் 100 தொகுப்புகளாவது செய்திருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். பொதுவகம் இன்னும் கறாரானது: ஆறு மாதத்தில் ஐந்து நிர்வாகச் செயல்களாவது வேண்டும். அங்கே எவ்வளவு படம் ஏற்றினாலும் அது நிர்வாகப் பணியாகக் கணக்கில் வராது.

தனக்கென்று விதி வகுக்காத விக்கிகளுக்கு, 2013இல் நடந்த உலகளாவிய உரையாடலில் எடுத்த முடிவு பொருந்தும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொகுப்பும் இல்லை, பதிகையில் செயலும் இல்லை என்றால், ஸ்டூவர்டுகள் எனப்படும் உலகளாவிய பொறுப்பாளர்கள் அந்தச் சமூகத்துக்கும் அந்தப் பயனருக்கும் தெரிவிப்பார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் வரை பதிலே இல்லாவிட்டால் அணுக்கத்தை எடுத்துவிடுவார்கள். "எனக்கு வேண்டும்" என்று அவர் சொன்னால் சமூகம் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். எனவே முதல் வேலையாக, உங்கள் விக்கியில் உள்ளூர்க் கொள்கை இருக்கிறதா என்று தேடிப் படித்துவிடுங்கள்.

இரண்டு ஆண்டில் ஒரே ஒரு தொகுப்பு செய்தாலும் இந்த உலகளாவிய வலையிலிருந்து தப்பிவிடலாம். இது குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த விதி உழைப்பை அளக்க வந்ததல்ல; யாரும் கவனிக்காத கணக்கு தவறான கையில் சிக்கக்கூடாது என்பதற்காக வந்தது. 2016 நவம்பரில் ஜிம்மி வேல்ஸின் கணக்கே ஊடுருவப்பட்டது. வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொல்லை இங்கேயும் வைத்திருப்பவர்களுக்கு அப்படி நடக்கும். உரிமையாளர் தினமும் வருபவர் என்றால் உடனே கண்டுகொள்வார். மூன்று ஆண்டாகத் திறக்காத நிர்வாகக் கணக்கில் அது நடந்தால் முதலில் கவனிப்பவர் யார்? உழைப்பை அளக்க வேண்டும் என்றால் பொதுவகத்தைப் போலச் சமூகமே பேசி ஒரு கொள்கை வகுக்க வேண்டும். அதைக் கொள்கையாகப் பேசுங்கள். ஒரு குறிப்பிட்ட நபரை மனத்தில் வைத்துக்கொண்டு விதி எழுதப் புறப்பட்டால் அந்த உரையாடல் கசப்பில்தான் முடியும்.

சமூகத்தின் முன்னும் ஸ்டூவர்டுகளிடமும்

காத்திருந்தும் பதில் இல்லை, விதிப்படியும் காலம் கடந்துவிட்டது என்றால் ஆலமரத்தடியில் எழுதலாம். கடைசித் தொகுப்பின் தேதி, கடைசி நிர்வாகச் செயலின் தேதி, பேச்சுப் பக்கத்தில் நீங்கள் கேட்ட நாள், பொருந்தும் கொள்கை ஆகியவற்றை மட்டும் குறிப்பிடுங்கள். அவர் முன்பு செய்த பணிக்கு நன்றி சொல்லும் வரியை மறக்காதீர்கள். யார் எத்தனை நீக்கினார்கள் என்று எல்லாருடைய பெயரையும் தரவரிசைப்படுத்திய அட்டவணையை ஒட்டாதீர்கள். அது உழைப்பவர்களையும் சேர்த்துப் புண்படுத்தும்.

பெரும்பாலான விக்கிகளில் அதிகாரிகளால் நிர்வாக அணுக்கத்தைக் கொடுக்க முடியும், எடுக்க முடியாது. அதனால் சமூகத்தின் முடிவு வந்ததும், எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான மேல்விக்கியில் ஸ்டூவர்டுகளுக்கான அணுக்க வேண்டுகோள் பக்கத்தில், உரையாடலின் இணைப்போடு கேட்க வேண்டும். அவர்கள் எடுத்த பிறகு உள்ளூர்ப் பயனர் உரிமைப் பதிகையில் வரி தென்படாவிட்டால் குழம்ப வேண்டாம். அது மேல்விக்கியின் பதிகையில், பயனர் பெயரோடு விக்கியின் பெயரும் சேர்ந்து பதிவாகும்.

ஒருவேளை அவர் காலமாகிவிட்டார் என்ற செய்தி கிடைத்தால் மேலே சொன்ன கெடு எதையும் எண்ண வேண்டாம். அதே நேரம் கேள்விப்பட்டதை வைத்து அறிவிக்கவும் வேண்டாம். குடும்பத்தினரோ நன்கு அறிந்த சக பங்களிப்பாளரோ உறுதி செய்யட்டும். புனைபெயரில் எழுதியவர் என்றால் உண்மைப் பெயரைச் சொல்லலாமா என்பதைக் குடும்பத்தினரே முடிவு செய்யட்டும். அணுக்கத்தை எடுக்கும் வேண்டுகோளில் காரணத்தை ஒரே வரியில் சொன்னால் போதும்.

அணுக்கம் எடுக்கப்பட்ட கையோடு, கையால் எழுதிப் பராமரிக்கும் நிர்வாகிகள் பக்கத்தையும் திருத்திவிடுங்கள். பழைய பெயர்களைத் தனித் தலைப்பின் கீழ், பணியாற்றிய ஆண்டுகளோடு வையுங்கள். உதவி தேடி வரும் புதியவர் அந்தப் பக்கத்தில் இருக்கும் முதல் பெயரைத்தான் சொடுக்குவார். விலகியவரின் பேச்சுப் பக்கத்தில் என்ன நடந்தது, எந்த உரையாடலின்படி நடந்தது, திரும்பி வந்தால் எங்கே விண்ணப்பிக்கலாம் என்று ஒரு குறிப்பு விடுங்கள். சில ஆண்டுகள் கழித்து அவர் கடவுச்சொல்லை மீட்டு உள்ளே வந்தால் முதலில் படிக்கப்போவது அந்தக் குறிப்பைத்தான்.